சீலிங்குக்கு மேலே ஒரு பிளக் பொயின்ற்

அன்ரனா பூஸ்டருக்காக எங்கள் வீட்டுச் சீலிங்குக்கு மேலே ஒரு பிளக் பொயின்ற் போட்டோம். முல்லைத்தீவுப் பக்கத்துத் தகரக் கூரை வீடு. வேலையை விடியவே தொடங்குங்கள். வெயில் ஏறினால் மேலே நிற்க முடியாது. தீராந்தியில் மட்டும் கால் வையுங்கள், சீலிங் சீற் ஆளைத் தாங்காது.

முதலில் மின்சாரம் எடுக்கும் இடம். மேலே ஏறியதும் லைற் வயர் கைக்கெட்டும். அதில் தொடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் 1/1.13 வயர், 1 சதுர மில்லிமீற்றர்தான். பழைய வீடென்றால் கூடவே எர்த் வந்திருக்காது. 13 அம்பியர் பொயின்றுக்கு 7/0.67 வயரும் (2.5 சதுர மில்லிமீற்றர்) எர்த்தும் வேண்டும். ஆகவே கீழ் அறைப் பிளக் பொயின்றில் இருந்து எடுங்கள். அதன் முனைகளில் ஏற்கெனவே மும்மூன்று வயர் நெருக்கிக் கிடந்தால் வேறு பொயின்றைப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரத்தை நிறுத்துவது. இதில் அவசரப்படாதீர்கள். அந்தப் பொயின்றுக்கான பிரேக்கரை மட்டும் முதலில் இறக்குங்கள். பலர் நம்பியிருக்கும் ஸ்குரூட்ரைவர் ரெஸ்ரர் எனக்குப் பிடிக்காது. அதன் வெளிச்சம் உங்கள் உடம்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டத்தில் வருவது. காய்ந்த மரத்தில் நிற்கும்போது மின்சாரம் இருந்தும் அது மங்கலாகவோ எரியாமலோ இருக்கலாம். மல்ரிமீற்றர் ஒன்று வாங்குங்கள். லைனுக்கும் நியூற்றலுக்கும், லைனுக்கும் எர்த்துக்கும், நியூற்றலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பூச்சியம் வர வேண்டும். உடனே அடுத்த அறைப் பொயின்றில் வைத்து, மீற்றர் 230 வோல்ற் அளவில் காட்டுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் மெயின் சுவிச்சையும் இறக்குங்கள்.

வயரைப் பிவிசி பைப்புக்குள் விட்டுத் தீராந்தியோடு கிளிப் அடியுங்கள். வெறும் வயரை எலி விட்டுவைக்காது. உங்கள் சீலிங் அஸ்பெஸ்ரஸ் சீற்றென்றால் அதில் துளை போட வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதி.

பழைய வயரில் சிவப்பு லைன், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். புதியதில் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். முன்பு வயர் போட்டவர் நிறம் பார்த்துத்தான் போட்டார் என்று நம்பாமல் மீற்றரால் உறுதி செய்யுங்கள். இழைகளை முறுக்கி முனைக்குள் விட்டு இறுக்கியபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். இணைப்பு வேலையில் கைப்பழக்கம் இல்லையென்றால் பைப்பையும் பெட்டியையும் மட்டும் நீங்கள் பொருத்துங்கள், மிச்சத்தை எலெக்ரீசியன் செய்யட்டும். யார் இணைத்தாலும் எர்த்தை அவர் அளந்து பார்த்த பிறகே பாவியுங்கள். மின்சாரம் வந்ததும் ட்ரிப் சுவிச்சின் (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் சுவிச்) சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது விழாவிட்டால் மாற்றும்வரை புதிய பொயின்றில் எதையும் கொழுவ வேண்டாம்.

பின்சேர்க்கை: இன்வேட்டர் உள்ள வீட்டில் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். மெயினை இறக்கினாலும் பற்றரியில் இருந்து லைனுக்கு மின்சாரம் வரலாம். இன்வேட்டரை நிறுத்தி, அதன் வெளிச்செல்லும் இணைப்பையும் கழற்றிவிட்டு மீற்றரால் மறுபடி பாருங்கள்.