மக்கும் குப்பை ஊரைத் தாண்டக்கூடாது: அண்டை ஊராட்சிகள் சேர்ந்து குப்பையைக் கையாளும் முறை

ஒரு பேரூராட்சியும் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிராம ஊராட்சிகளும் உள்ள வட்டாரத்தில், ஒவ்வொன்றும் ஏரிக்கரையிலோ சுடுகாட்டுப் பாதையிலோ தனக்கென ஒரு குப்பைமேட்டை வளர்த்துக்கொண்டிருப்பதே நாம் வழக்கமாகக் காணும் நிலை. இவை சேர்ந்து திட்டமிட உட்கார்ந்தால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடலாம் என்ற யோசனைதான் முதலில் எழும். சென்னையின் குப்பை பல பத்தாண்டுகள் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் அப்படித்தான் போனது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குள் வளர்ந்த பெருங்குடி மேட்டைத் தோண்டிச் சலித்து அகற்ற, பின்னர் தனித் திட்டமே தேவைப்பட்டது. ஆகவே எதை அந்தந்த ஊரிலேயே முடிப்பது, எதைக் கூட்டாகச் செய்வது என்று பிரிப்பதே வட்டாரத் திட்டத்தின் முதல் வேலை.

அதற்கு முன் எடை போட வேண்டும். சந்தை நாளும் ஒரு முகூர்த்த நாளும் அடங்கும்படி ஏழு நாள்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் வரும் குப்பையை மக்குவது, விலை போவது, விலை போகாதது, நாப்கின், டயப்பர் போன்றது என நான்காகப் பிரித்து நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஊர்களில் பாதியோ அதற்கு மேலோ மக்கும் குப்பையாகவே இருக்கும். இந்த எடையைப் பார்க்காமல் இயந்திரம் வாங்கும் ஊர்கள், சில மாதங்களில் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிடுகின்றன.

வீட்டு வாசலில் தரம் பிரித்து வாங்குவது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. பிரித்ததை மீண்டும் கலக்காமல் கொண்டுசேர்ப்பதே கடினம். இரண்டு வாளிகளில் பிரித்துக் கொடுத்தவர், தம் கண்ணெதிரே அவை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்த்தால், மறுநாள் பிரிக்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே வண்டியில் தடுப்பு வைத்த பிறகே வீடுகளில் பிரச்சாரம் தொடங்க வேண்டும். மக்கும் குப்பையை நாள்தோறும், மக்காததை வாரம் ஒரு நாள் மட்டும் வாங்குவது கலப்பதற்கான வாய்ப்பையே குறைத்துவிடும். தூய்மைக் காவலர் வரும் நேரம் மாறாதிருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மக்கும் குப்பையில் பெரும்பகுதி தண்ணீர். அதை லாரியில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் அனுப்புவது தண்ணீருக்கு டீசல் செலவழிப்பதாகும். ஊர்தோறும் காற்றுப் புகும்படி இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டிகள் போதும். நீளம், அகலம், உயரம் எதுவும் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு தங்காது. அடியில் குச்சிகளையோ செங்கல் உடைசலையோ பரப்பி, சமையல் கழிவை அரையடி, அதன்மேல் காய்ந்த சருகை ஓரடுக்கு எனப் போட்டு, இடையிடையே சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். இளநீர் மட்டையையும் வாழைத்தண்டையும் முழுதாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நறுக்கியே போட வேண்டும். நான்காம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பார்த்தால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள்கள் நீடிக்கும் அந்தச் சூடுதான் கிருமிகளையும் களை விதைகளையும் அழிக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிவது சரியான ஈரம். ஒழுகினால் சருகு சேர்க்கவும். உதிர்ந்தால் நீர் தெளிக்கவும். மூக்கை அரிக்கும் நெடி வந்தால் சருகு போதவில்லை என்றும், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை என்றும் பொருள். வாரம் ஒருமுறை கிளறிவர, 45 முதல் 60 நாள்களில் சூடு அடங்கி மண்வாசனை வரும். பிறகு 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை அடுத்த தொட்டிக்கு உறைமோர்போலப் போட்டுவிடலாம். கண்ணாடித் துண்டு கிடந்த உரத்தை ஒருமுறை வாங்கிய விவசாயி மறுமுறை வரமாட்டார் என்பதால், கலந்த குப்பையிலிருந்து எடுத்த உரத்தை விற்கவே கூடாது.

கூட்டாகச் செய்ய வேண்டியது மக்காத குப்பை. ஒரு கிராமத்தின் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்க மொத்த வியாபாரி வரமாட்டார். அழுத்தாமல் அனுப்பினால் லாரி காற்றைத்தான் சுமக்கும். பத்து ஊர்களுக்கு நடுவில் ஒரே கொட்டகை, ஒரு அழுத்திக் கட்டும் இயந்திரம், பொருள்வாரியான தடுப்புகள் ஆகியவை இருந்தால் பேரம் பேசும் வலு வந்துவிடும். ஏற்கெனவே பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கே அங்கே முதலில் வேலை தர வேண்டும். பால் உறையையும் பிஸ்கட் உறையையும் தொட்ட மாத்திரத்தில் பிரித்தறிபவர்கள் அவர்களே. விலை போகாத மெல்லிய உறைகளைச் சிமெண்ட் ஆலைகள் எரிபொருளாக ஏற்கின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில், துருவலாக்கிச் சூடான ஜல்லியில் கலந்து தார்ச்சாலைக்கும் பயன்படுத்தலாம். குழாய்கள் செய்யப் பயன்படும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை மட்டும் இரண்டிலும் சேரக்கூடாது.

நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றித் தனியே தரச் செய்து, தனியே அப்புறப்படுத்த வேண்டும். அனைத்துக்கும் பின் மிஞ்சுவதற்குத்தான், குப்பையைப் புதைக்கும் நிலநிரப்புத் தளம். சுமார் 50 கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு பொதுத் தளம் அமைக்கலாம் என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வழி சொல்லியிருந்தன. இந்தச் செலவை மக்கள்தொகைப்படி பிரிப்பதைவிட, ஒவ்வோர் ஊரும் தளத்துக்கு அனுப்பும் எடைப்படி பிரிப்பதே நியாயம் என்பது என் கருத்து; நன்றாகப் பிரிக்கும் ஊர் குறைவாகக் கட்டும்.

மாதம் ஒருமுறை, தளத்துக்குப் போகவிருக்கும் மூட்டைகளில் நான்கைந்தைத் தார்ப்பாயில் கொட்டி, ஊர்ப் பிரதிநிதிகள் கூடி நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டுகளும் குவளைகளும் அதில் குவிந்து கிடந்தால், அடுத்துப் போக வேண்டிய இடம் கல்யாண மண்டபமும் அதற்குச் சரக்குப் போடும் கடையும். அங்கே வாடகைக்கு எவர்சில்வர் தட்டு ஏற்பாடு செய்துவிட்டு, அடுத்த மாத மூட்டைகளையும் அதே தார்ப்பாயில் கொட்டிப் பார்க்கவும்.