காரிடார் செடிகளின் குருத்தைப் பறவை கொத்துகிறதா? வலை போடும் முறை

தொட்டி, மண், விதை எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் தண்டுக்கீரையோ பயற்றங்கொடியோ வளர்த்தால் இந்தத் தொல்லை வரும்: காலையில் நன்றாக இருந்த குருத்து மதியம் மொட்டையாக நிற்கும்.

முதல் படி: யார் வேலை என்று பாருங்கள்

இதைத் தாண்டி நேராக வலை வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். பறவை அலகால் பிய்க்கும். அதனால் இலை விளிம்பு கிழிந்து பிசிறாக இருக்கும். கீரை நாற்றென்றால் தண்டு மட்டும் நிற்கும், இல்லையென்றால் வேரோடு பிடுங்கிக் கிடக்கும். விளிம்பு வழுவழுவென்று வளைவாக அரிக்கப்பட்டிருந்தால் புழு. பளபளக்கும் கோடு தெரிந்தால் நத்தை.

கறிவேப்பிலைக் குருத்து காணாமல் போனால் பறவையைச் சந்தேகிக்கும் முன் இலையை உற்றுப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் ஒட்டியிருப்பது போலத் தெரியும். அது எச்சமில்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. எதிரிகளை ஏமாற்ற அதற்கு அமைந்த தோற்றம் அது. பாவம், பழி புல்புல் பறவை மேல் விழுகிறது.

பறவைகளில் குருத்தைக் கடிப்பது பெரும்பாலும் வாலடியில் மஞ்சள் தெரியும் புல்புல். சிட்டுக்குருவி நாற்றைக் கொத்தும், மைனா பூச்சிக்காக மண்ணைக் கிளறும். தையல்சிட்டு இலைகளுக்குள் புகுந்து புகுந்து வருவது பூச்சி பிடிக்க. அதை விரட்டினால் நமக்குத்தான் நஷ்டம்.

இரண்டாம் படி: வலை

மீன்வலை மாதிரியான மெல்லிய நைலான் வலை வேண்டவே வேண்டாம். பறவையின் கால் சிக்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுத் தோட்ட வலையை இழுத்துப் பிடித்தாலும் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதியே உண்டு. நம் கணக்கு சுலபம்: சுண்டுவிரல் நுழையக்கூடாது. எனக்குப் பிடித்தது வெள்ளைக் கொசுவலைத் துணி. கறுப்பு, பச்சை நிழல்வலை வாங்காதீர்கள், காரிடாரில் வெயில் வருவதே கொஞ்சம். ஒன்றிரண்டு குருத்து மட்டும் என்றால் கல்யாண அன்பளிப்புக்குக் கொடுக்கும் சுருக்குப் பையை மாட்டி முடிச்சுப் போட்டால் போதும்.

மூன்றாம் படி: கட்டுவது

தொட்டியின் நான்கு ஓரத்திலும் மூங்கில் குச்சி நடுங்கள், செடியைவிட ஒரு சாண் உயரமாக. துணி இலையில் படக்கூடாது. பட்டால் புல்புல் வெளியில் உட்கார்ந்தபடியே துணியோடு சேர்த்துக் கொத்தும்.

அடிப்பக்கம்தான் முக்கியம். மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் கீழே இடைவெளி இருந்தால் சிட்டுக்குருவி நுழைந்துவிடும். நுழைந்தது வெளியே வரத் தெரியாமல் அடித்துக்கொள்ளும். ஆகவே துணியைத் தொட்டியின் விளிம்புக்குக் கீழே வரை இறக்கி, எலாஸ்டிக் கயிற்றால் சுற்றி இறுக்குங்கள். சணல் கயிறு நனைந்து காய்ந்ததும் தளர்ந்துவிடுகிறது. துணிக் கிளிப்பை நம்பவேண்டாம், காற்றில் கழன்று கீழே போகிறவர் தலையில் விழும். தொட்டியையும் கைப்பிடிச் சுவர்மேல் வைக்காதீர்கள். அப்புறம், நடைவழியில் 1.2 மீட்டர் விட்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

நான்காம் படி: எடுப்பது

இலை முற்றிக் கரும்பச்சையானதும் பறவைக்கு ஆர்வம் போய்விடும், கழற்றிவிடலாம்.

பழைய சிடி தொங்கவிடுவது, பிளாஸ்டிக் ஆந்தை இதெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. கொஞ்ச நாளில் ஆந்தை தலையிலேயே மைனா உட்காரும். மிளகாய்க் கரைசலும் வீண். பறவைகளுக்குக் காரம் உறைக்காது. பழுத்த மிளகாயையே விழுங்குகிற புல்புல்லுக்கு அது எம்மாத்திரம்?

பின்சேர்க்கை: “வேறொரு தட்டில் சோறு வைத்தால் செடியை விட்டுவிடாதா?” என்று சிலர் கேட்டார்கள். வைக்காதீர்கள். காட்டுயிர்ச் சட்டப்படி பறவைக்கு உணவிடுவது குற்றம், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் வரலாம்.

இன்னொரு கேள்வி, செடியிலேயே புல்புல் கூடு கட்டிவிட்டால்? வலையை மறந்துவிடுங்கள், தொட்டியை நகர்த்தாதீர்கள். முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதுவரை தண்ணீரை மேலே தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்குவதை மட்டும் உடனே கொட்டிவிடுங்கள், கொசு வந்தால் அது வேறு அபராதம்.