கொட்டடிச் சுவரைக் காப்பது எப்படி: பழைய சிறை அருங்காட்சியகமாகும்போது

காலனிக் காலத்துச் சிறை ஒன்று அருங்காட்சியகத்துக்கென்று கைக்கு வந்ததும், பெரும்பாலும் முதலில் நடப்பது வெள்ளையடிப்பு. தடுக்க வேண்டியதும் அதைத்தான். ஆணியால் கீறிய நாள்கணக்கு, பெயரின் முதலெழுத்து, கப்பல் படம் எல்லாம் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில்தான் இருக்கும். கைவிலங்கு இன்னொரு சிறையிலும் கிடைக்கும். அந்தச் சுவர் கிடைக்காது.

எனவே பதிவுதான் முதல் வேலை. பகல் வெளிச்சத்தில் வெறுஞ்சுவராகத் தெரியும் இடத்தில் கூட, இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் கீறல்களுக்குள் நிழல் விழும். நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாக, ஐந்தைந்தாக எண்ணிய நாள்கணக்கே எழுந்து வரும். இடம், வலம், மேல் என்று மூன்று பக்கமிருந்தும் வெளிச்சம் காட்டி, அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கொட்டடி எண்ணைச் சுவரில் எழுதவோ ஆணி அடித்து மாட்டவோ வேண்டாம். கம்பியில் கயிறு கட்டி அட்டையைத் தொங்கவிட்டால் போதும்.

மேலே பல வெள்ளைப் பூச்சுகள் ஏறியிருந்தால் முழுச் சுவரையும் சுரண்டிவிடாதீர்கள். மறைவான மூலையில் 2 செ.மீ. சதுரம் மட்டும் அறுவைக் கத்தியால் அடுக்கடுக்காகத் திறந்து பாருங்கள். கீழே எழுத்து தென்பட்டால் அதற்குமேல் பயிற்சி பெற்ற சுவர்ப் பாதுகாப்பாளர்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். கூரையும் மழைநீர்க் குழாயும் சரியாகும்வரை உள்ளே ஒரு கரண்டிக் காரைகூடப் பூச வேண்டாம். காலப்போக்கில் வெளிமண் மேடிட்டு உள்தரையைவிட உயர்ந்திருக்கும். உள்தரைக்கு 15 செ.மீ. கீழே வரும்வரை வெட்டி இறக்குங்கள், அடித்தளத்தைத் தோண்டிவிடாமல். பிற்காலத்தில் யாராவது பூசிய சிமெண்டுதான் பெரிய எதிரி. பழைய செங்கல் சுவர் உறிஞ்சிய நீரைச் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேற்றும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் மேலேறி, உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, செங்கல் பொடியாக உதிரும். சிமெண்டைக் கையுளியால் மட்டும் எடுங்கள், இயந்திரம் வேண்டாம். பிறகு காத்திருங்கள்: 25 மி.மீ. தடிமன் காய ஏறக்குறைய ஒரு மாதம். 45 செ.மீ. சுவர் இருபக்கமும் திறந்திருந்தாலும் ஒன்பது மாதம் பிடிக்கும். திறப்புவிழாத் தேதிக்காக இதைச் சுருக்கினால் அடுத்த மழையிலேயே பூச்சு உப்பி உரியும்.

வெள்ளையாகப் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போகும். மென்தூரிகையால் உலர்வாகத் தட்டி முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். அடங்காவிட்டால், கீறல் இல்லாத இடத்தில் காகிதக்கூழைக் காய்ச்சி வடித்த நீரில் பிசைந்து 1 முதல் 2 செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

பூச்சுக்கு ஒரு பங்கு நன்கு ஊறிய சுண்ணாம்புச் சாந்து, மூன்று பங்கு உப்பற்ற கூர்மணல் (முனை மழுங்காத மணல்). சுவரை நனைத்து, ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மிகாமல் பூசுங்கள். ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது வெயிலில் காயவிடாமல் காத்திடுங்கள். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈரத்தோடு சேர்த்து உள்வாங்கித்தான். சட்டென்று உலர்ந்தால் விரலால் தேய்த்தாலே மாவாகக் கொட்டும். கீறல் உள்ள இடத்தில் உடைந்த விளிம்பை மட்டும் மென்காரையால் தாங்கிப் பிடியுங்கள். வார்னிஷ் கூடவே கூடாது, ஈரத்தை அடைத்துவிடும். கண்ணாடி வைப்பதானால் சுவரிலிருந்து 3 செ.மீ. இடைவெளி விட்டு மேலும் கீழும் திறந்து வையுங்கள்.

கல்லில் பதித்த இரும்புக் கம்பியின் அடியைப் பாருங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; கல் பிளப்பது அதனால்தான். பித்தளைத் தூரிகையால் தேய்த்து நுண்படிக மெழுகு பூசலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதிக்காமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

பூட்டு விஷயத்தில் அலட்சியம் ஆபத்து. குழந்தை விளையாட்டாகக் கதவைச் சாத்தும், தாழ் தானாக விழும். தாழ் நகரும் பள்ளத்தில் மரத்துண்டு செருகி, கதவைத் திறந்த நிலையில் கொக்கியால் கட்டுங்கள். இரண்டும் கழற்றக்கூடியவை, அசல் பூட்டுக்குச் சேதமில்லை.

காட்சி அமைப்பில் எங்கள் கருத்து உறுதியானது: ஒரு வரிசைக் கொட்டடியாவது காலியாக இருக்கட்டும். அந்தமான் செல்லுலார் சிறையில் ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள், கைதிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி. ஏழு கிளைகளில் மூன்றே மிஞ்சியும், கதவருகே நின்றால் அந்தத் தனிமை புரிகிறது. அங்கே ஒரு விளம்பரப் பலகை நட்டால் போயிற்று. தூக்குமேடையில் பொம்மை தொங்கவிடவும் வேண்டாம். அங்கே இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பார்க்க வருவார்கள்.

சிறைப் பதிவேட்டின் அசலைக் கொட்டடியில் வைக்காதீர்கள், அது ஈரமான அறை. நகல் வையுங்கள். அசலைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் வேறு அறையில் 50 லக்ஸுக்குள் வெளிச்சம் வைத்து, முதலில் ஓராண்டு ஈரப்பதமானியை அங்கே விட்டுக் கணக்கெடுங்கள்.