வேர்டிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள். காலையில் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால், வேர்டில். "நாலு எழுத்து பச்சை சித்தி. ஒண்ணுதான் பாக்கி, முடிச்சிடுவேன்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே நான்கு பச்சையோடு நின்று தோற்ற நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஜோஷ் வார்டில் 2021-ல் வெளியிட்டு, 2022-ல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய இந்த விளையாட்டின் விதி தெரிந்ததுதான்: ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஆறு முயற்சி. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லாவிட்டால் சாம்பல். சாம்பலான எழுத்தை மறுபடி போடுவது, மஞ்சளை அதே கட்டத்தில் வைப்பது போன்ற தவறுகள் நான்கு நாள் ஆடினால் தானாகப் போய்விடும். தானாகப் போகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

உயிரெழுத்து வேட்டை

புதிதாக ஆடுபவர்களில் பாதிப் பேர் 'ஆடியோ'வில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் 'அடியூ'. ஒரே சொல்லில் நான்கு உயிரெழுத்து என்பதால் பெரிய லாபம் போலத் தெரியும். ஆனால் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்யெழுத்துதான். 'ஏ இருக்கிறது, ஐ இருக்கிறது' என்று தெரிந்த பிறகும் நூற்றுக்கணக்கான சொற்கள் பாக்கி இருக்கும். நான் 'ஸ்லேட்' போடுகிறேன். நம் சிலேட்டுதான். விடைகளில் முதல் எழுத்தாக அதிகம் வருவது எஸ், கடைசி எழுத்தாக அதிகம் வருவது ஈ. இரண்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'கிரேன்' போட்டாலும் நல்லதே.

காதால் எண்ணுவது

இது தமிழில் எழுதப் படிக்கப் பழகிய நமக்கே உரிய சிக்கல். நமக்கு எழுத்தும் ஒலியும் சேர்ந்தே போகும். 'நைஃப்' என்றதும் மனசு ந வரிசைக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் அது கே-யில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொல். 'நாக்' என்று கதவைத் தட்டினாலும் முன்னால் கே. 'ரிஸ்ட்', 'ரைட்' (எழுதுவது) இரண்டுக்கும் முன்னால் டபிள்யூ. 'தம்ப்' எல்லாம் கடைசியில் ஒரு ஊமை எழுத்தை வைத்துக்கொண்டு நிற்கும். கே முதலில் பச்சையானால், சத்தத்தை மறந்துவிட்டு அடுத்த கட்டத்தில் 'என்' எழுத்தைப் போட்டுப் பாருங்கள்.

நான்கு பச்சையைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது

இதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். யாராவது என் கண் முன்னால் செய்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அன்று அக்கா மகள் போட்ட முதல் சொல் 'ஆடியோ'. ஐ மட்டும் மஞ்சள். இரண்டாவது 'நைட்' (இரவு). முதல் எழுத்தான 'என்' சாம்பல், பின்னால் வரும் ஐ-ஜி-எச்-டி நான்கும் பச்சை. பாக்கி நான்கு வரி. "இப்ப 'ஃபிலிம்ஸ்' போடு" என்றேன்.

"அது விடையே இல்லையே சித்தி, எதுக்கு ஒரு வரியை வீணாக்கணும்?"

சொல்லிவிட்டு லைட் போட்டாள். அப்புறம் ரைட், ஃபைட், சைட். நான்கு வரியும் தீர்ந்தன. விடை 'மைட்'. அறுபத்தொரு நாள் விடாமல் வென்று வந்த கணக்கு அங்கேயே அறுந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறிய காபியைக் குடித்தாள்.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அந்த இடத்தில் வரக்கூடியவை எய்ட், ஃபைட், லைட், மைட், ரைட், சைட், டைட் என்று ஏழு. கையில் இருப்பதோ நான்கு வரி. ஒவ்வொன்றாகப் போட்டால் அதிர்ஷ்டம் இருந்தால்தான் உண்டு. 'ஃபிலிம்ஸ்' என்ற ஒரே சொல்லில் எஃப், எல், எம், எஸ் நான்கும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நிறம் மாறினால் அடுத்த வரியிலேயே விடை. நான்கும் சாம்பலானால் மிச்சம் எய்ட், ரைட், டைட். மூன்று சொல், மூன்று வரி. எப்படிப் பார்த்தாலும் தோற்க வழியில்லை. அவள் வீண் என்று நினைத்த வரிதான் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் விழுந்தது 'சவுண்ட்' குடும்பத்தில். ஓ-யூ-என்-டி பச்சையாகிவிட்டால் சவுண்ட், ரவுண்ட், ஃபவுண்ட், ஹவுண்ட், மவுண்ட், காயத்துக்குச் சொல்லும் வூண்ட், அப்புறம் நாம் ஒரே மாதிரி 'பவுண்ட்' என்று எழுதுகிற இரண்டு சொற்கள் என எட்டு வரிசையில் நிற்கும். அங்கே கை கொடுப்பது 'வார்ஃப்', அதாவது கப்பல் துறை. டபிள்யூ, எச், ஆர், எஃப் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடும். இதை அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஹார்டு மோடில் ஆடுபவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். தெரிந்த எழுத்தைப் போட்டே தீரவேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே குழிக்குள் இறங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். ஐ மஞ்சளானதும் அவசரப்பட்டு 'நைட்' போடாமல் 'ஃபிளின்ட்' போட்டால் எஃப், எல், என் மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும்.

இரட்டை எழுத்து

'ஷீப்' போடுகிறீர்கள். ஒரு ஈ பச்சை, பக்கத்து ஈ சாம்பல். ஈ-யே இல்லை என்றோ, ஆட்டம் தப்பு என்றோ குழம்ப வேண்டாம். ஒரு ஈ உண்டு, இரண்டாவது இல்லை, அவ்வளவுதான். விடை 'ஸ்பெண்ட்' என்றால் இப்படித்தான் காட்டும். மறுபக்கமும் உண்டு: ஓர் எழுத்து பச்சையாகிவிட்டதால் அது இன்னொரு முறை வராது என்று அர்த்தமில்லை. 'விவிட்' என்ற சொல்லில் வி இரண்டு, ஐ இரண்டு.

கடைசியில் எஸ் சேர்த்த பன்மை

முயற்சியாக எடுத்துக்கொள்ளும். விடையாக வருவது மிக அபூர்வம். சோதிக்க மட்டும் போடுங்கள்.

பள்ளியில் படித்த எழுத்துக்கூட்டல்

2022 ஜனவரியில் 'ஃபேவர்' விடையாக வந்தபோது பிரிட்டனில் பலர் கோபப்பட்டார்கள். அவர்களும் நாமும் யூ சேர்த்து ஆறெழுத்தாகப் படித்த சொல் அது. கலர், ஹானர், ஹ்யூமர் எல்லாம் இந்த ஆட்டத்தில் அமெரிக்க வழக்கப்படி யூ இல்லாமல் ஐந்தெழுத்து. 'ஃபைபர்' எழுதும்போது கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போடுங்கள்.