பப்பாசிக் காயைக் கீறிப் பால் எடுக்கும் முறை

மருந்துக்கும் இறைச்சியை மிருதுவாக்கவும் வாங்குகிற பப்பாயின் என்ற, புரதத்தை உடைக்கும் நொதியம் (என்சைம்) பப்பாசிக் காய்க்குள் செயலற்ற வடிவத்தில்தான் கிடக்கும். தோல் கீறுப்பட்டு, பால்குழாய் உடைந்து, பால் வெளியே வந்த ஓரிரு நிமிடத்தில்தான் அது வேலை செய்யும் நொதியமாக மாறும். இலையைக் கடிக்கிற புழுவுக்கு மரம் வைத்திருக்கிற தண்டனை அது. ஆகவே எங்கே, எவ்வளவு ஆழத்துக்குக் கீறுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிஞ்சு பிடித்து இரண்டரை முதல் மூன்று மாதமான, கரும்பச்சை மாறாத காய்களை எடுங்கள். மஞ்சள் விழுந்த காயில் பால் அற்பம். துருப்பிடிக்காத பிளேட்டை ஒரு தடியில் இறுக்கிக் கட்டி, நுனி 2 முதல் 3 மில்லிமீற்றர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். காம்பிலிருந்து நுனிவரை, சம இடைவெளியில் நான்கு கீறல். இதற்குமேல் ஆழம் போனால் சதைச்சாறும் மாப்பொருளும் பாலோடு கலந்து தரம் கெடும்; காயும் அழுகும்.

காலை பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். பாலை வெளியே தள்ளுவது கலங்களில் உள்ள நீரழுத்தம். வெயில் ஏறினால் அது விழுந்துவிடும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்ற சூடான வறண்ட காற்று அடிக்கிற நாட்களில் காலையிலும் பால் குறைவாகத்தான் வரும். முதல்நாள் மாலை அடிமரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். மாரி மழையில் கீறவே வேண்டாம், பால் கழுவுண்டு போகும்.

பிளாஸ்ரிக் தட்டில் ஏந்துங்கள். இரும்பு பட்டால் பால் கறுக்கும், நொதியமும் கெடும். சில நிமிடங்களில் பால் தானாக உறைந்து நின்றுவிடும். காயில் ஒட்டியிருப்பதையும் சுரண்டி எடுங்கள். கையுறை கட்டாயம், இந்தப் பால் தோலையும் அரிக்கும். நான்கைந்து நாள் கழித்து, பழைய கீறல்களுக்கு நடுவே திரும்பக் கீறலாம். ஒரு காய்க்கு நான்கு தடவை போதும்.

ஒரு கிலோ பாலுக்கு அரைக் கிராம் பொட்டாசியம் மெற்றாபைசல்பைற்று (கெடாமல் காக்கும் உப்பு) கலந்து, அன்றைக்கே 50 முதல் 55 பாகை செல்சியசில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் பழுப்பாகிச் சக்தி குறையும். நொறுங்குகிற பதம் வந்ததும் காற்றுப் புகாத, வெளிச்சம் படாத போத்தலில் அடையுங்கள். இடிக்கும்போது மூக்கை மூடுங்கள். தூள் உள்ளே போனால் தொய்வு (ஆஸ்துமா) கிளம்பும்.

கீறிய காய் மரத்திலேயே பழுக்கும், சாப்பிடலாம். தழும்பைப் பார்த்துச் சந்தையில் விலை குறைப்பார்கள், ஜாமுக்குப் போடுங்கள்.