கச்சேரி கேட்டு வருபவரை ஃபார்மிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்

எங்கள் மெல்லிசைக் குழுவில் ஆறு வருஷம் ரிதம் பேட் வாசித்த தம்பி ஒருவர் போன மாதம் சொந்தமாகக் குழு தொடங்கினார். "அண்ணே, வெப்சைட் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று போனை நீட்டினார். படங்கள் அருமை, வீடியோக்கள் அருமை. 'தொடர்புக்கு' பக்கத்தைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு பெட்டிகள். மணமக்கள் பெயர், விருந்தினர் எண்ணிக்கை, மண்டப முகவரி, விருப்பப் பாடல்கள், பட்ஜெட், இமெயில் என்று நீண்டுகொண்டே போனது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வைத்திருந்த ஃபார்மும் இதேபோலத்தான். விவரம் நிறைய வாங்கினால் வேலை சுலபம் என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் தோன்றுகிறது.

தப்பான நம்பர், மங்கலான படம் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கைக்கு வர வேண்டிய கச்சேரியைப் பறிக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

'திருமண தேதி' என்று கேட்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நம் பக்கம் திருமண தேதி என்றால் முகூர்த்த நாள். பத்திரிகையில் பெரிதாக இருப்பதும் அதுதான். மெல்லிசையோ பெரும்பாலும் முதல் நாள் மாலை ரிசப்ஷனில். சில வீடுகளில் முகூர்த்தம் அன்றே மாலையில் வைப்பார்கள். சிலர் பெண் ஊரில் கல்யாணத்தை முடித்து, இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை ஊரில் வரவேற்பு வைப்பார்கள்.

ஒரு ஆவணியில் ஒரு குடும்பம் ஃபார்மை முழுசாக நிரப்பி அனுப்பியது. திருமண தேதி ஞாயிற்றுக்கிழமை. எல்லா விவரமும் கையில் இருக்கிறதே என்று நான் போனில் விசாரிக்கவே இல்லை. ரேட்டை மட்டும் அனுப்பினேன், அட்வான்ஸும் வந்துவிட்டது. ஞாயிறு கேட்டு வந்த வேறு இரண்டு பார்ட்டிகளை 'டேட் இல்லை' என்று திருப்பினேன். சனிக்கிழமையை இன்னொருவருக்குக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெண்ணின் அப்பா போன் செய்தார்: "சனிக்கிழமை சாயந்தரம் எத்தனை மணிக்கு வருவீங்க?"

தெரிந்த ஒரு குழுவைக் கெஞ்சி, கையிலிருந்து காசு போட்டு அனுப்பிவைத்தேன். ஞாயிறு மேடையில்லாமல் போனது. அப்புறம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "இத்தனை கேள்வி கேட்டீங்களே தம்பி, என்னைக்குப் பாட்டுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

'கச்சேரி எந்த நாள்? முதல் நாள் மாலையா, முகூர்த்தம் அன்றா?' என்று கேளுங்கள். காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டால்தான் ஃபார்ம் போகும் என்றும் வைக்காதீர்கள். மண்டபம் கிடைப்பதைப் பொறுத்துத்தான் பல வீடுகளில் நாளே முடிவாகிறது. 'வைகாசியில், இரண்டு நாள் பார்த்திருக்கிறோம்' என்று எழுத இடம் இருக்கட்டும். முதலில் பேச வருகிறவர்கள் அவர்கள்தான்.

பட்ஜெட்டைக் கட்டாயமாக்குவது

நிரப்புவது பெரும்பாலும் பெண்ணின் தம்பியோ சித்தப்பா மகனோ, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, போனில். எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டுப் போடலாம் என்று மூடிவைப்பார், மறுபடி திறக்க மாட்டார். எத்தனை பாடகர்கள், சவுண்ட் செட் யாருடையது, எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் ரேட் அமைகிறது. அது பேசினால்தான் தெரியும். 'இத்தனை ரூபாயிலிருந்து' என்று உங்கள் ஆரம்ப ரேட்டைப் பக்கத்தில் நீங்கள் போடுங்கள்.

பத்து இலக்கத்துக்கு அடம்பிடிக்கும் போன் பெட்டி

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன்தான் தங்கை கல்யாணத்துக்கு எல்லாம் ஏற்பாடு செய்கிறார் என்று வையுங்கள். அங்கே நம்பர் 8 இலக்கம். துபாய் மொபைலுக்கு 971-க்குப் பிறகு 9. 'சரியான எண்ணைத் தரவும்' என்று சிவப்பில் வந்தால் அவர் எங்கே போவார்? இலக்கக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஃபார்ம் அமைப்பில் அந்தப் பெட்டியின் வகையை 'டெல்' (tel) என்று வைத்தால், போனில் அதைத் தொட்டதும் எண் பலகை தானாகத் திறக்கும். பக்கத்திலேயே வாட்ஸ்அப் பட்டனும் வையுங்கள். அதன் லிங்க்கில் உங்கள் நம்பர் 91-இல் தொடங்க வேண்டும். பிளஸ் குறியோ, முன்னால் பூஜ்ஜியமோ கூடாது.

இமெயில் கட்டாயம்

வேண்டாம்.

நேரம் கேட்பது

ரிசப்ஷன் மாலையில்தான். பெரும்பாலான மண்டபங்களில் இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்வார்கள். மீதியைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

மெயிலுக்கு மட்டும் போகும் ஃபார்ம்

ஸ்பாமில் விழுந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மாதம் ஒரு தடவை நீங்களே நிரப்பிப் பாருங்கள். ஆடியில் கட்டாயம் பாருங்கள், ஆவணி முகூர்த்தங்களுக்கு விசாரிப்பது அப்போதுதான்.

அனுப்பியதும் 'நன்றி' என்று மட்டும் காட்டுவது

தம்பியின் ஃபார்மில் இப்போது மூன்றே பெட்டிகள்: கச்சேரி நாள், ஊர், போன் நம்பர். அனுப்பியதும் 'இன்று இரவு 9 மணிக்குள் கூப்பிடுகிறோம்' என்று வருகிறது. மேடையில் இருக்கும் நாட்களில் அவர் அக்கா கூப்பிடுகிறார்.