மலைநாட்டுக் குசினியில் செடி வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலை வாடியதும் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நுவரெலியா, அட்டன், மஸ்கெலியா பக்கம் பனிமூட்டமும் குளிரும் மண்ணைக் காயவிடாது. ஈரம் நின்ற மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாததால் இலை தொங்கும். அதைத் தாகம் என்று நினைத்து மறுபடியும் ஊற்றினால் செடி போய்விடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவமழைக் காலத்தில், இதில் கூடுதல் கவனம் தேவை. பதுளை, பண்டாரவளைக்காரருக்கு அந்தக் கவனம் ஒக்டோபருக்குப் பிறகு, வடகீழ் மழையோடு வரும்.

தேயிலை மலைச் செம்மண்ணை மட்டும் அள்ளி நிரப்புவதும் கூடாது. சாடிக்குள் அது இறுகிவிடும். கொம்போஸ்ட், தும்புச்சோறு, கொஞ்சம் பருமணல் கலந்தால் வேர் மூச்சுவிடும். பால்மா டின்னில் நடுவதென்றால் அடியில் ஆணியால் நாலைந்து துளை போடுங்கள். தயிர்ச்சட்டி ஜன்னலோரத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் துளையிடப்போனால் உடையலாம். துளையுள்ள சிறிய பிளாஸ்டிக் சாடியில் நட்டு, அதைச் சட்டிக்குள் இறக்கி வையுங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். கண்டி போன்ற இடங்களில் அது டெங்கு நுளம்புக்கு வீடாகிவிடும்.

அடுத்தது, உயரத்தை மறப்பது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். கண்டியில் செழிக்கும் கறிவேப்பிலையும் ரம்பையும் நுவரெலியாக் குளிரில் வளராமல் அப்படியே நின்றுவிடும். பசளை போட்டுத் தள்ளிப் பயனில்லை. அதற்குக் குறைவது சூடு. பேசில் (basil) என்ற வாசனைச் செடியும் அப்படித்தான். புதினா, கொத்தமல்லி, பார்ஸ்லி, தைம் ஆகியவற்றுக்கோ இந்தக் குளிர் பிடிக்கும். கிடைக்காததற்கு ஏங்குவதை விட இவற்றை நடுவதே என் விருப்பம்.

கொத்தமல்லி விதையை முழுதாகப் போடாமல், மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, வளரப்போகும் சாடியிலேயே விதையுங்கள். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபட்டு, இலை தருவதற்கு முன்பே பூத்துவிடும். புதினாவுக்குத் தனிச்சாடி கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த செடியை நெருக்கிவிடும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் தெற்கு ஜன்னல் என்று எழுதியிருக்கும். அதை இங்கே பின்பற்ற வேண்டாம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு அருகில்; ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நமக்குக் கிழக்கு ஜன்னல் நல்லது. மேகம் காலையிலேயே மூடும் இடமானால் கிடைக்கிற வெளிச்சத்துக்கே செடியை நகர்த்துங்கள். விறகடுப்புப் பக்கத்தில் வைத்தால் புகைக்கரி இலையில் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். ஈரத்துணியால் துடைத்து விடுங்கள்.

அழகுக்காக டிஃபன்பாக்கியாவையோ மணி பிளாண்டையோ கீரைச் சாடிகளோடு சேர்த்து வைக்கவே கூடாது. அவற்றில் உள்ள கல்சியம் ஒக்ஸலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் எரித்து வீங்கவைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கிள்ளினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கறிக்கு அரிய வேண்டும்.